உள்ளே இருப்பவள்

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அந்த இணையப் பக்கம் மூன்றாவது முறையாக அவளிடம் வந்தது. பிழை ஒன்றும் பெரிதில்லை, ஓரெழுத்துதான். ‘கதவு திறக்காவிட்டால் உள்ளே இருப்பவள் பதற்றப்பட வேண்டாம்’ என்று இருந்தது. ‘உள்ளே இருப்பவர்’ என்று இருக்க வேண்டும். லிஃப்டிலோ அறையிலோ மாட்டிக்கொள்கிறவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பெண்ணாகவே இருந்தாலும் வாடிக்கையாளரை ‘அவள், இவள்’ என்று எந்த நிறுவனமாவது எழுதுமா? கதையில் வேண்டுமானால் அப்படி எழுதலாம். அவளும் இரண்டு முறை திருத்தி, இரண்டு முறை காரணம் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். போன வேகத்தில் வந்து நின்றது. அவள் போட்ட ‘ர்’ இருந்த இடத்தில் மறுபடியும் ‘ள்’ உட்கார்ந்திருந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்று மேடம்’ என்று பெயர். க், ச், த், ப் என்று நடுவில் வர வேண்டிய ஒற்று எங்கே விட்டுப்போனாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. தன் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியில் ஐந்து திருத்தம் போட்டு வருங்கால மாமனார் கையிலேயே நீட்டியவள் அவள். அந்த மனிதர் இன்றுவரை அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிழையோடு ஒரு வரியைத் தாண்டிப் போவது அவளுக்குச் செருப்புக்குள் கல்லோடு நடப்பதுபோல.

தானாகத் திறக்கும் கதவுகளும் லிஃப்டுகளும் செய்கிற நிறுவனம் அது. அதன் இணையதளத்தின் தமிழ்ப் பகுதி அன்று மாலை ஆறு மணிக்கு ஊர் பார்க்க வெளிவரப் போகிறது. ஒவ்வொரு பக்கமும் நான்கு படி ஏறியாக வேண்டும். எழுதுகிறவர் கையில் இருக்கும்வரை வரைவு, அவளிடம் வந்தால் சரிபார்ப்பு, அவள் விட்டால் ஒப்புதல், அதற்கப்புறம் வெளியீடு. படிக்கு ஒரு நிறம் வைத்திருந்தார்கள்: சாம்பல், மஞ்சள், நீலம், பச்சை. நாற்பது பக்கங்கள் பச்சையாகி ஆறு மணிக்காகக் காத்திருந்தன. நாற்பத்தொன்றாவது மட்டும் மஞ்சளில் நின்றது. ஒரு பக்கத்தை யார் திறக்கிறாரோ அவர் பெயரில் அது பூட்டிக்கொள்ளும். அவர் அதை மேலே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் காரணம் எழுதித் திருப்ப வேண்டும். சும்மா வைத்துவிட்டு எழுந்து போக வழியில்லை.

மற்றவர்கள் எல்லாம் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். நகரத்தின் மறுகோடியில் ஒரு கண்காட்சி அரங்கில் அறிமுக விழா; மேனேஜர் புது கோட்டு போட்டுக்கொண்டு போனார். மாடி முழுக்க ஈ காக்கை இல்லை. அவள் உட்கார்ந்திருந்தது முன்பு கோப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை, ஜன்னல் கிடையாது, ஏசி காற்றில் பழைய காகித வாசனையும் சூடான தூசி வாசனையும் எப்போதும் கலந்திருக்கும், குழல்விளக்கு ஒன்று காதுக்குள் வண்டு புகுந்ததுபோல முனகிக்கொண்டே இருக்கும். கதவு மட்டும் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு, தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி, அடையாள அட்டையைத் தேய்த்தால் ஓசையில்லாமல் பக்கவாட்டில் நழுவும். வெளியே நடைபாதை இருட்டாக இருக்கும் நேரங்களில் அந்தக் கண்ணாடியில் அறை முழுவதும் தெரியும்: மேசை, திரை, நாற்காலி, நாற்காலியில் அவள். அந்த அறைக்கு வந்த எட்டு மாதமாக அவளுக்கு அதுதான் துணை.

ஆனால் இன்றைக்கு அவள் நான்கரைக்குள் இங்கிருந்து வெளியேறியே ஆக வேண்டும். நான்கு வயது மகள் பகல்நேரக் காப்பகத்தில் இருக்கிறாள். கணவன் கப்பலில், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவான். ஆறு மணிக்குக் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். நேற்றும் முந்தாநாளும் இவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. குழந்தை பையை மாட்டிக்கொண்டு, மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இன்று காலை ஷூவை மாட்டிவிடும்போது அவள் சொன்னாள்: “குட்டிம்மா, இன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி அம்மாதான் வருவேன். பாரு.” குழந்தை நம்பாமல்தான் தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் காலையிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் எரிச்சல். எழுதியது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்ப் பக்கங்களை எழுதுகிற பையனுக்கு அலுவலகத்தில் ‘நக்கல்’ என்று பெயர், காரணப் பெயர். மேசைத் தொலைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அரங்கத்தின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான்.

“சொல்லுங்க ஒற்று மேடம்! நீங்க வரலையா? இங்க ஒரே கூட்டம்.”

“விளையாடாதே. அந்த ‘இருப்பவள்’ளை மாத்திட்டு அனுப்பு. நான் கிளம்பணும்.”

“எந்த இருப்பவள்?”

“நாற்பத்தொண்ணாவது பக்கம். கதவு திறக்காவிட்டால்.”

பாட்டுச் சத்தம் குறைந்தது. எங்கோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும். “மேடம், எனக்கு நாப்பது பக்கம்தான் குடுத்தாங்க. நாப்பதும் நேத்தே முடிச்சிட்டேன். அப்படி ஒரு பக்கமே நான் எழுதலை.”

“அப்போ இது யாரு எழுதினது?”

“எழுதினவர் பேரு பக்கத்துலயே இருக்குமே, பாருங்க.”

பார்த்தாள். எழுதியவர் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளை.

மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் அவசரத்தில் இருந்தார். “சிஸ்டம் நாப்பத்தொண்ணுன்னு காட்டுதுன்னா நாப்பத்தொண்ணுதாம்மா. யாராவது போட்டிருப்பாங்க. நீங்க பார்த்து மேலே விடுங்க, ஆறு மணிக்கு ஒப்புதல் தானா விழற மாதிரி வெச்சிட்டேன். அப்பத்தான் மேடையில அமைச்சர் பட்டனை அழுத்துறார். ஒண்ணு மஞ்சளா நின்னா என் மானம் போயிடும்.”

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பக்கத்தின் ஓரத்தில், அவள் எழுதிய குறிப்புக்குக் கீழே, ஒரு பதில் வந்திருந்தது. முன்பு அது இல்லை.

அவள் எழுதியது: ‘பொதுவாகச் சொல்லும் இடம். மரியாதைப் பன்மை தேவை. இருப்பவர் என்று மாற்றவும்.’

பதில்: ‘உள்ளே ஒருத்திதான் இருக்கிறாள். சரிபார்க்கவும்.’

குழல்விளக்கு முனகிக்கொண்டிருந்தது. அவள் என்னவோ தோன்றித் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தாள். நான்கு சுவர், காலி அலமாரி, அலமாரிக்கு மேலே யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன குடை. கண்ணாடிக் கதவில் அவளும் தலையைத் திருப்பியிருந்தாள். யாரோ விழாவில் இருந்துகொண்டே கைபேசியில் விளையாடுகிறார்கள், வேறென்ன. இவர்களுக்கெல்லாம் வீட்டில் குழந்தை இல்லை.

நான்கு இருபத்தைந்து. மறுபடி திருப்பலாம். திருப்பினால் மறுபடி வரும். வந்தால் மறுபடி பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கேட்டுக்கு வெளியே பையோடு ஓர் உருவம் அவள் கண்ணுக்குள் நின்றது. ஓரெழுத்து. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பத்து வருட வேலையில் முதல் முறையாக, பிழை என்று தெரிந்தே, ‘இருப்பவள்’ என்பதை அப்படியே விட்டுவிட்டு ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தினாள். சிஸ்டம் வழக்கம்போலக் கேட்டது: ‘இந்தப் பக்கத்தில் உள்ளது உண்மை என்று உறுதி செய்கிறீர்களா?’ நாற்பது முறை ‘ஆம்’ என்று அழுத்திய விரல் நாற்பத்தொன்றாவது முறையும் அழுத்தியது. மஞ்சள் நீலமானது.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனாள். கண்ணாடியில் அவள் எதிரே வந்தாள், அதே பையோடு, அதே கலைந்த தலையோடு. அட்டையைத் தேய்த்தாள். ‘டிக்’ என்றது. பச்சை விளக்கு. கதவு நழுவத் தொடங்கியது, நடைபாதையின் குளிர்ச்சி முகத்தில் பட்டது, அவள் காலை எடுத்து வைத்தாள். அந்த நேரத்தில்தான் கண்ணாடியில் இருந்தவள் முதுகைக் காட்டித் திரும்பினாள். காலையில் தலைக்குப் போட்ட ஷாம்பூவின் வாசனை, சொந்த வாசனை, யாரோ உரசிக்கொண்டு போனதுபோல அவள் மூக்கைக் கடந்து வெளியே போனது. பிறகு கதவு அவள் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

அவள் உள்ளே நின்றாள்.

தலைசுற்றல் என்றுதான் நினைத்தாள். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி அட்டையைத் தேய்க்கலாம் என்று கையைத் தூக்கினால் கையில் அட்டை இல்லை. தோளில் பை இல்லை. கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து தேடினாள், மேசைக்கு அடியில் தேடினாள், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேடினாள். பையில்தான் கைபேசி, வண்டிச் சாவி எல்லாம். எழுந்து நிமிர்ந்தபோது கதவைப் பார்த்தாள். கண்ணாடியில் மேசை தெரிந்தது. திரை தெரிந்தது. இழுத்துப் போட்ட நாற்காலி தெரிந்தது. குடைகூடத் தெரிந்தது.

அவள் தெரியவில்லை.

கையை ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் எதுவும் ஆடவில்லை. விளக்கு விழும் கோணம், கண்ணாடியின் மேல் பூச்சு, என்னென்னவோ காரணங்களை மனசு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அடுக்கின எதுவும் நிற்கவில்லை. வாசல் செக்யூரிட்டியை மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல மனிதர், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர், தினமும் அவளுக்கு ஒரு சல்யூட் வைப்பார்.

“அண்ணே, நான் ரூம்ல மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கலை. கொஞ்சம் மேல வாங்களேன்.”

“யாரு பேசுறது?”

“நான்தாண்ணே. சரிபார்ப்பு ரூம்.”

“மேடம் இப்பத்தானே வீட்டுக்குப் போனாங்க. நாலரைக்கு. நான் சல்யூட் வெச்சேன், சிரிச்சிட்டுப் போனாங்க. வண்டியை நான்தான் திருப்பி விட்டேன்.”

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, விளையாடாதீங்க. நான் உள்ளதான் இருக்கேன். தயவுசெஞ்சு வாங்க.”

“வரேன். யாருன்னு பார்க்கிறேன்” என்றார். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

வந்தார். லிஃப்ட் திறக்கும் சத்தம், பிறகு பூட்ஸ் சத்தம், டார்ச் வெளிச்சம். அவள் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடைக் கண்ணாடி. அவர் மீசையில் ஒரு நரைமயிர் சுருண்டிருந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. அவள் கத்தினாள். கண்ணாடியை அறைந்தாள். அவர் கண்கள் அவள் வழியாகப் போய் மேசையைப் பார்த்தன, நாற்காலியைப் பார்த்தன, அலமாரியைப் பார்த்தன. பின்வாங்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“லைட்டை அணைக்காமலே போயிருக்காங்க” என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு, வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போனார்.

முனகல் நின்றது. எட்டு மாதத்தில் அந்த அறை இப்படி அமைதியாக இருந்ததில்லை. ஏசிகூட நின்றுவிட்டது. திரையின் நீல வெளிச்சம் மட்டும் மேசையில் ஒரு துண்டாகக் கிடந்தது. இருட்டில் காகித வாசனை அதிகமாகத் தெரிந்தது, ஈரமும் மக்கலும் கலந்த வாசனை, எப்போதாவது திறந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்த கோப்புகளின் வாசனை. மறுபடி செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்த மனிதர் பயந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குத்தான் பயந்தார் என்பது அதற்கப்புறம் புரிந்தது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் நீலத்தில் திறந்திருந்தது. இப்போது அதில் வரிகள் கூடியிருந்தன.

‘உள்ளே இருப்பவள் கதவைத் தட்ட வேண்டாம். ஓசை வெளியே கேட்காது.

உள்ளே இருப்பவள் விளக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியே போனவள் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேருவாள்.’

பிழை ஏதாவது இருக்கிறதா என்று கண் தன்னால் தேடியது. இல்லை. ஓர் ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. எழுதியவர் கட்டம் இப்போது காலியாக இல்லை. அவளுடைய ஊழியர் எண் இருந்தது.

கடைசி வரியை அவள் மறுபடி படித்தாள். சொன்ன நேரத்துக்குள். யாருக்குச் சொன்ன நேரம்? எங்கே போய்ச் சேர?

தொலைபேசியை எடுக்கக் கை வரவில்லை. பிறகு வந்தது. காப்பகத்தின் எண் மனப்பாடம். மிஸ் எடுத்தார்.

“மிஸ், குட்டியோட அம்மா பேசுறேன். அவளை யார்கிட்டயும் விடாதீங்க. யாரு வந்தாலும். நானே வந்தாலும்.”

“என்ன மேடம்?” மிஸ் சிரித்தார். “நீங்கதானே இப்போ வந்து கூட்டிட்டுப் போனீங்க? பத்து நிமிஷம் ஆச்சு. இன்னைக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட். பாப்பா குதிச்ச குதி இருக்கே, எனக்கே சந்தோஷமா இருந்தது. பையை விட்டுட்டீங்களா?”

மிஸ் இரண்டு முறை “மேடம்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மணி ஐந்து இருபது.

தன் கைபேசி எண்ணையே அழுத்தினாள். நான்கு முறை அடித்தது. ஐந்தாவது முறை எடுக்கப்பட்டது. காற்றுச் சத்தம், வண்டிகளின் ஹாரன். அதற்கு நடுவில் அந்தக் குரல்.

“ஹலோ, அம்மா வண்டி ஓட்டுறாங்க.”

“குட்டிம்மா.” குரல் உடைந்தது. “குட்டிம்மா, அம்மா பேசுறேன்டா.”

குழந்தை யோசித்தது. யோசிக்கும்போது மூக்கால் மூச்சு விடும் பழக்கம் அதற்கு. அந்த மூச்சு கேட்டது.

“அம்மா இங்கதான் இருக்காங்க.”

“இல்லடா. அது அம்மா இல்ல. நீ இறங்கு. வண்டி நின்னதும் இறங்கி யாராவது போலீஸ் மாமாகிட்ட...”

“யாரு கண்ணு?” என்று அங்கே ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். ஆனால் களைப்பில்லாத குரல். எரிச்சல் இல்லாத குரல். ஆறரை மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்து “சாரிடா, சாரிடா” என்று சொல்லாத குரல்.

“தெரியலம்மா. உங்களை மாதிரியே பேசுறாங்க. அழுவுறாங்க.”

“வெச்சிடு கண்ணு. தப்பா வந்திருக்கும்.”

தொடர்பு அறுந்தது.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று அவளை எழுப்பி உட்கார வைத்தது. மகள் ஒரு வண்டியின் பின்னால் உட்கார்ந்து, எதையோ இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறாள். எங்கே கொண்டு போகிறது அது? வீட்டுச் சாவி பையில் இருக்கிறது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்?

இருக்கட்டும். இங்கே என்ன செய்ய முடியும்? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. அந்த வேலையின் சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேலே அனுப்பிய பக்கம் வெளியீடு ஆகும்வரை, அனுப்பியவருக்கு ஒரு பொத்தான் மிச்சம் இருக்கும், கீழ்மூலையில், சின்னதாக. ‘திரும்பப் பெறு.’ அவள் இதுவரை அதைத் தொட்டதில்லை. பிழையோடு எதையும் அனுப்பாதவளுக்கு அது எதற்கு?

அழுத்தினாள்.

‘எதைத் திரும்பப் பெற வேண்டும்? காரணத்துடன் எழுதவும்.’

விரல்கள் விசைகளில் வழுக்கின. எழுதினாள்: ‘வெளியே போனவளைத் திரும்பப் பெறவும். காரணம், அவள் நான் இல்லை.’ அந்த நிலைமையிலும் ‘போனவளை’க்கு அப்புறம் ‘த்’ போட்டாள். அது அவள் குற்றமில்லை, பழக்கம்.

திரை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு நீலம் மஞ்சளானது.

‘கோரிக்கை ஏற்கப்பட்டது. வந்துகொண்டிருக்கிறாள்.’

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வரட்டும். குழந்தையைக் காப்பகத்திலோ வீட்டிலோ விட்டுவிட்டு வரட்டும். அடுத்த நிமிடம் அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. விட்டுவிட்டு வரச் சொல்லவில்லையே. அப்படி எழுதவில்லையே. வரியைத் திருத்தப் போனாள். கட்டம் பூட்டியிருந்தது. எவ்வளவு தட்டினாலும் எழுத்து விழவில்லை.

ஐந்து முப்பத்தைந்து. ஐந்து நாற்பது.

இருட்டில் உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் வேலை செய்தது. சுவருக்குள் தண்ணீர்க்குழாய். மேலே எங்கோ ஒரு தகரம். தன் மூச்சைக் கேட்க முயன்றாள். கேட்கவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அடக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை.

அதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஐந்து ஐம்பது.

லிஃப்ட்.

நடைபாதையில் காலடி. இரண்டு ஜோடி. ஒன்று பெரியது, நிதானமானது. இன்னொன்று சின்னது. ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற காலடி.

குழந்தை சிரித்துக்கொண்டு வந்தது.

கண்ணாடிக்கு வெளியே விளக்கு எரிந்தது. அவள் பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டாள். வெளியே அவள் நின்றாள். அதே சட்டை. அதே பை. தலை வாரியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் இல்லை. வலது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு இல்லை. மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கும்; அது நேராக இருந்தது. விரலைப் பிடித்துக்கொண்டு மகள்.

“குட்டிம்மா! இங்க பாரு! குட்டிம்மா!”

வெளியே நின்றவள் அவளைப் பார்த்தாள். செக்யூரிட்டி மாதிரி ஊடுருவிப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். கண், மூக்கு, வாய். உதடுகள் லேசாக அசைந்தன, ஓசையில்லாமல், படிக்கும்போது அவளுக்கு அசையும் அதே மாதிரி. புருவத்தில் நின்றாள். பல்லில் நின்றாள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, கீழே போனாள். கால் விரல்வரை போனாள். ஒன்றையும் விடவில்லை.

உள்ளே இருந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியும். நாற்பது பக்கங்களை அப்படித்தான் பார்த்தாள்.

குழந்தையும் பார்த்தது. அதற்கு அவள் தெரிந்தாள். கண்ணாடிக்குக் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, மூக்கால் மூச்சு விட்டது. கண்ணாடியில் ஆவி படிந்தது. அவள் முழங்காலிட்டு அந்த ஆவிக்கு நேராக முகத்தை வைத்தாள். அழுதாள். “நான்தான்டா. நான்தான்டா அம்மா.” அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படியவில்லை.

“அம்மா,” என்று குழந்தை நிமிர்ந்து கேட்டது, “உள்ள இருக்கிறது யாரு?”

“அதுவா? அது பழசு கண்ணு.”

“பழசுன்னா?”

“திருத்துறதுக்கு முன்னாடி இருந்தது.”

“அழுவுது.”

“ஆறு மணி வரைக்கும்தான். அப்புறம் இருக்காது.” வெளியே நின்றவள் குனிந்து குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பொறுமையாக. அழகாக. “வா, போகலாம். பசிக்குதுன்னு சொன்னியே.”

குழந்தை இரண்டடி போனது. நின்றது. திரும்பியது. உள்ளே இருந்தவள் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தாள். வா. வா. வந்துவிடு. மகள் அவளையே பார்த்தாள், ரொம்ப நேரம், ஏதோ ஞாபகம் வருகிற மாதிரி. முகம் மலர்ந்தது. குழந்தை கையைத் தூக்கியது. தெரியாதவர்களிடமும் மரியாதையாக நடக்க வேண்டும் என்று அவள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“டாட்டா, ஆன்ட்டி” என்றது குழந்தை.

லிஃப்ட் கதவு மூடும் ஓசை கேட்டது. அவளுக்குப் பின்னால் திரையில் மஞ்சள் மறுபடி நீலமானது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.